ஆறு மணி விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்னும் பொருள் உண்டு. வீட்டுக்குப் புதிதாய் வருபவரையும், அவர்பொருட்டு ஆக்கப்படும் உணவையும் அச்சொல் குறிப்பது அதன்வழி வந்த வழக்கேயாகும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். வருபவர் புதியவர், வரவேற்பவர் அம்மண்ணில் வேரூன்றியவர். இதுவே நாம் காலங்காலமாய் அறிந்த முறை. அடுப்பு நம்முடையது, அரிசி நம்முடையது, உப்பு எவ்வளவு இடவேண்டும் என்பதைக் கை அறியும். ஆதலின் விருந்தோம்பலை மனத்தின் பண்பாகவே நாம் பேசி வருகிறோம். மனம் இருந்தால் சோறு தானே வந்துவிடும் என எண்ணுகிறோம்.

இம்முறை தலைகீழாய் அமையுமிடத்து என்ன நேரும்? வருபவர் அவ்வூரில் மூன்று தலைமுறையாய் வாழ்ந்தவர். வரவேற்பவர் அங்குச் சென்று மூன்று திங்களே ஆனவர். அடுப்பு அவர்கள் நாட்டினது. கடைப்பொருள் அவர்கள் நாட்டினது. அவற்றைப் புழங்கத் தெரியாத கை மட்டுமே நம்முடையது. அத்தகையதொரு நிலையில் இரண்டாண்டுக் காலம் வாழும் வாய்ப்பினை நாங்கள் பெற்றிருந்தோம். அந்நாளில் கற்றவற்றுள் சிலவற்றை இம்மலரைப் புரட்டும் மாணவர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பது பயனுடையதாகும் எனக் கருதுகிறோம்.

சோளக் கொல்லையின் நடுவே ஓர் ஊர்

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கணவனும் மனைவியுமாகிய நாங்கள் ஆய்வுப் பணியின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் அயோவா மாநிலத்திலுள்ள ஏம்ஸ் என்னும் ஊரை அடைந்தோம். 1858இல் வேளாண் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர் வளர்ந்த பல்கலைக்கழகமே அவ்வூரின் உயிர்நாடி. ஊரைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய தொலைவு மக்காச்சோளமும் சோயா மொச்சையுமே. மக்காச்சோள விளைச்சலிலும் பன்றி வளர்ப்பிலும் அந்நாட்டில் முதலிடம் வகிக்கும் மாநிலம் அயோவா. இவ்விரண்டனுள் பின்னது எங்கள் சமையலறையை எவ்வாறு தொட்டது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

நாங்கள் குடியேறிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் முதிய தம்பதியர் இருவர் வாழ்ந்தனர். பெரியவர் நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் வந்து ஓய்வு கொண்ட உழவர். அம்மையார் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் சென்ற முதல் வாரத்திலேயே பழுத்த தக்காளியும் இனிப்புச் சோளக் கதிர்களும் நிறைந்த கூடை ஒன்று எங்கள் வாயிற்படியில் இருந்தது. கூடையைக் கொணர்ந்த பெரியவர், நீர் கொதித்த பின்னரே கதிரை ஒடிக்கச் செல்லவேண்டும் என்பது உழவர் வழக்கு என்றார். ஒடித்த கணத்திலிருந்தே கதிரின் இனிப்பு மாவுப்பொருளாய் மாறத் தொடங்குமாம். சாலையின் இருமருங்கும் நாங்கள் கண்ட சோளம் மனிதர் நேரே உண்பதன்று என்பதையும், அதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கும் எரிசாராயத்துக்கும் செல்வது என்பதையும் அவரே விளக்கினார்.

செப்டம்பரில் தங்கள் வீட்டுக்கு இரவு உணவுக்கு அழைத்தனர். அழைக்கும்போதே அம்மையார், "நீங்கள் எவற்றை உண்ணமாட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்" எனக் கேட்டார். சொன்னோம். மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். உழவர் குடும்பங்களில் நண்பகல் உணவே 'டின்னர்' எனவும், அந்தி உணவு 'சப்பர்' எனவும் வழங்கி வந்ததை அன்றுதான் அறிந்தோம். நிலத்தில் பாடுபட்டவன் நண்பகலில் வயிறார உண்டு, பொழுது சாயும்போது எளிதாய் உண்டு, விரைவில் உறங்கிய காலத்தின் எச்சம் அது.

மேசையில் மீன், வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு, பச்சைக்காய்க் கலவை, ரொட்டி ஆகியவை இருந்தன. வழக்கமாக அவர்கள் பீன்ஸ் காயைப் பன்றி இறைச்சித் துண்டுடன் வேகவைப்பவர்கள். அன்று வெறும் உப்பு நீரில் வேகவைத்திருந்தார்கள். எங்கள் பொருட்டுத் தம் நாக்கின் பழக்கத்தை ஒரு வேளை ஒதுக்கி வைத்த அப்பண்பு எங்களை உருக்கியது. இதற்குக் கைம்மாறு செய்தல் வேண்டும் என்ற எண்ணம் அன்றே உறுதிப்பட்டது.

உம்மாவின் கடிதம்

எதை ஆக்கி அளிப்பது? எங்களுக்கு எளிது பிரியாணி. பல்கலைக்கழக மாணவர்கள் வந்தால் அதையே ஆக்கினோம். அவர்கள் நெற்றி வியர்க்க உண்டு மகிழ்ந்தனர். ஆனால் அடுத்த வீட்டுப் பெரியவரோ வயிற்றுப் புண்ணால் வருந்துபவர். மிளகாயை மருத்துவர் விலக்கியிருந்தார். மசாலைப் பொருள்களின் மணமே அவருக்கு ஒவ்வாது என்பதை அம்மையார் ஒருமுறை தயக்கத்துடன் கூறியிருந்தார். எனவே அவர்கள் அன்றாடம் உண்ணும் உணவையே கற்று ஆக்கிப் படைப்பது என முடிவு செய்தோம்.

இச்செய்தியை ஊருக்கு எழுதியபோது உம்மா விடுத்த மறுமொழியில் வருத்தம் தொனித்தது. "நம் வீட்டுச் சோறு அவர்கள் முன் வைக்க நாணமாக இருக்கிறதா, மக்களே? விருந்தாளிக்கு நம்மிடம் உள்ளதில் சிறந்ததைத்தானே வைக்கவேண்டும்?" என எழுதியிருந்தார்கள். அக்கேள்வி எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. புதிய நாட்டில் சென்று வாழும் நம்மவருள் சிலர், தம் உணவையும் உடையையும் மொழியையும் குறைவாய் எண்ணி ஒதுக்குவதைக் காண்கிறோம். அவ்வகையில் எங்களையும் சேர்த்து எண்ணிய தாயின் அச்சம் இயல்பே.

நெடுநாள் எண்ணியே விடை எழுதினோம். "உம்மா, வாப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்த பின் நம் வீட்டில் எத்தனை முறை நோன்புக் கஞ்சியும் கேழ்வரகுக் களியுமாய்ச் சமையலை மாற்றினீர்கள்? உண்பவர் வயிற்றைக் கருதி ஆக்குவதே சிறந்த சோறு என்பதை உங்களிடம்தானே கற்றோம்?" என்பதே அவ்விடை. அடுத்த கடிதத்தில் உம்மா, "அப்படியானால் உப்பையாவது சரியாய்ப் போடுங்கள்" என எழுதினார்கள். அதுவே எங்களுக்கு இசைவாயிற்று.

கோப்பையும் கரண்டியும்

நம் சமையல் கையளவிலும் கண்ணளவிலும் நிற்பது. அம்மியருகே நின்று கண்டு கற்ற மகளுக்கு நூல் தேவையில்லை. அமெரிக்கச் சமையல் நூல்களோ அனைத்தையும் கோப்பையாலும் கரண்டியாலும் அளக்கின்றன. ஒரு கோப்பை என்பது ஏறத்தாழ 237 மில்லி லிட்டர். பெரிய கரண்டி 15 மில்லி லிட்டர். ஒரு பவுண்டு 454 கிராம். ஓவன் அடுப்பின் வெப்பமோ பாரன்ஹீட் பாகையில். அவர்கள் சமையலில் அடிக்கடி வரும் 350 பாகை என்பது செல்சியஸில் சுமார் 177.

இவ்வளவுமுறையைப் பரப்பியவருள் முதன்மையானவர் ஃபேனி ஃபார்மர் என்னும் பெண்மணி. 1857இல் பிறந்த இவர், பதின்ம வயதில் நோயுற்று நடக்க இயலாமற் போய், நெடுநாள் வீட்டில் முடங்கிக் கிடந்து, பின்னர்ச் சமையற் பள்ளியில் சேர்ந்து கற்று, அப்பள்ளிக்கே தலைவியானவர். 1896இல் வெளியான இவரது பாஸ்டன் சமையற்பள்ளி நூல், கோப்பையிலும் கரண்டியிலும் பொருளை நிரப்பிக் கத்தியால் மட்டமாய் வழித்து அளக்கவேண்டும் என வற்புறுத்தியது. அதற்கு முன்னர் 'முட்டையளவு வெண்ணெய்' என்பது போன்ற குறிப்புகளே மிகுதி.

இதனினும் எங்களைக் கவர்ந்தது மற்றொரு நூலின் வரலாறு. மில்வாக்கி நகரில் லிசி கேண்டர் என்னும் அம்மையார், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏதிலியராய் வந்திறங்கிய யூதக் குடும்பத்துப் பெண்களுக்குச் சமையல் வகுப்பு நடத்தினார். கரும்பலகையில் எழுதிப் போட்டதை மாணவியர் படியெடுக்கும் நேரத்தை மிச்சப்படுத்த, பாடங்களை நூலாக்க விரும்பினார். அதற்குரிய 18 டாலரைத் தர நிலையத்தின் ஆடவர் குழு மறுத்துவிட்டது. விளம்பரம் திரட்டி, 1901இல் அவரே நூலை அச்சிட்டார். 'செட்டில்மென்ட் குக் புக்' என்னும் அந்நூல் பல பதிப்புகள் கண்டு, ஈட்டிய பொருளால் அந்நிலையத்துக்குப் புதிய கட்டடம் எழவே துணைநின்றது. அளந்து சொல்லும் சமையல் நூல், அருகில் தாயில்லாத புதியவர்க்குத் தாயின் இடத்தில் நிற்கிறது என்பதை இவ்வரலாறு எங்களுக்கு உணர்த்தியது.

நாங்கள் கற்றுக்கொண்ட முதற் பண்டம் 'மீட் லோஃப்' எனப்படும் இறைச்சிப் பாளம். இரண்டு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறி, ஒரு கோப்பை ரொட்டித் தூள், அரைக் கோப்பை பால், இரண்டு முட்டை, பொடியாய் அரிந்த வெங்காயம் ஒன்று, உப்பும் மிளகும். ரொட்டித் தூளைப் பாலில் ஊறவைத்துக் கறியுடன் சேர்த்தால், வேகும்போது சாறு வெளியேறாமல் பிடித்து நிற்கும். அழுத்திப் பிசைந்தால் கறி இறுகிப் போகும். விரல் நுனியால் கலப்பதே முறை. நீள்வடிவில் பிடித்து, மேலே தக்காளிக் கெச்சப் பூசி, 350 பாகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிடவேண்டும். நடுப்பகுதி 160 பாகை பாரன்ஹீட்டை எட்டினால்தான் கொத்துக்கறி உண்ணத் தக்கது, கோழியாயின் 165. கண்ணால் நிறம் பார்த்து முடிவு செய்யாது, இறைச்சியில் செருகும் வெப்பமானியால் அளந்தறிவது அங்குள்ள நன்முறை. வெந்தபின் பத்து நிமிடம் ஆறவிட்டே துண்டு போடவேண்டும், இன்றேல் உதிர்ந்துவிடும்.

இதற்குத் துணை மசித்த உருளைக்கிழங்கு. கிழங்கைக் குளிர்நீரில் இட்டே கொதிக்க வைக்கவேண்டும். கொதிநீரில் இட்டால் புறம் குழைந்து அகம் வேகாது நிற்கும். சூடு ஆறுமுன் மசித்து, காய்ச்சிய பாலும் வெண்ணெயும் சேர்க்கவேண்டும். நெடுநேரம் அடித்தால் மாவுப்பொருள் வெளிப்பட்டுப் பசைபோல் ஆகிவிடும். இறைச்சி வெந்த தட்டில் எஞ்சிய கொழுப்பில் மைதாவை வறுத்து, நீர் விட்டுக் கிண்டினால் அதுவே கிரேவி. நம் குழம்பில் பத்துப் பொருள் கூடிச் செய்வதை அங்கே கொழுப்பும் மாவும் மிளகும் செய்கின்றன. சுவை குறைவு என நாம் எண்ணக்கூடும். பொறுத்து உண்டு பார்த்தால், இறைச்சியின் சுவை இறைச்சியாகவும் கிழங்கின் சுவை கிழங்காகவும் தனித்து நிற்பதை அறியலாம்.

பெட்டியின் புறத்தே எழுதியது

ஹலால் இறைச்சி எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. தெற்கே சுமார் 35 மைல் தொலைவிலுள்ள மாநிலத் தலைநகர் டி மொயினுக்குத் திங்களுக்கு ஒருமுறை சென்று வாங்கி வந்து உறைபெட்டியில் வைத்துக்கொண்டோம். போஸ்னியப் போரினால் வீடிழந்த மக்கள் பலர் 1990களில் அந்நகரில் குடியேறியிருந்தனர். கடையில் வரிசையில் நின்றோருள் எங்களைப் போலவே ஆங்கிலத்தைத் தேடித்தேடிப் பேசிய போஸ்னிய மூதாட்டியரும் உண்டு. அதே அயோவாவின் சீடர் ராபிட்ஸ் நகரில் 1934இல் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இன்றும் நிலைத்து நிற்கிறது. பள்ளிவாசலுக்கெனவே கட்டப்பெற்று அந்நாட்டில் எஞ்சியுள்ளவற்றுள் அதுவே மிகப் பழையது என்பர். அதனைக் கட்டிய அரபுக் குடும்பத்தினரும் ஒரு காலத்தில் இச்சோள நிலத்துக்குப் புதியவர்களே.

இறைச்சியை ஒருவாறு தேடிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பவற்றை அறிவதே அரிது. ஆப்பிள் பை என்னும் இனிப்பு அப்பத்தின் மேலோட்டைப் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பில் பிசைவார்கள். 1897இல் தோன்றிய ஜெல்லோ என்னும் வண்ணக் குழைமமும், குழந்தைகள் விரும்பும் மார்ஷ்மெல்லோவும் ஜெலட்டினால் ஆனவை. அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கேக்குகளில் இடும் வனிலாச் சாற்றில் குறைந்தது 35 விழுக்காடு சாராயம் இருக்கவேண்டும் என்பது அந்நாட்டு அரசின் தர விதியே.

இவற்றையெல்லாம் எங்களுக்குக் கற்பித்தது பெட்டியின் புறத்தே அச்சிட்ட சிற்றெழுத்து. சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாய் எழுதவேண்டும் என்பது அங்குச் சட்டம். 1990இல் இயற்றிய சட்டத்தால் சத்துப் பட்டியலும் கட்டாயமாகி, 1994 முதல் எல்லாப் பெட்டிகளிலும் இடம் பெற்றது. வாரந்தோறும் கடையில் நின்று ஒவ்வொரு பெட்டியாய்த் திருப்பிப் படிப்பது எங்களுக்கு வழக்கமாயிற்று. பை மேலோட்டை வெண்ணெயில் பிசைந்தோம்; வனிலாவுக்கு மாற்றாக இலவங்கப்பட்டைத் தூள் இட்டோம். எதையும் இழந்ததாய் எங்களுக்குத் தோன்றவில்லை. இன்று நம் நாட்டிலும் சேர்பொருள் பட்டியல் அச்சிடப்படுகிறது. அதனைப் படித்து வாங்கும் பழக்கம் நம் மாணவரிடையே பரவவேண்டும். சமயக் காரணத்துக்காக மட்டுமன்றி உடல்நலத்துக்காகவும்தான்.

மேசையில் கண்டவை

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை. ஆறு மணி என்றால் அவர்களுக்கு ஆறு மணியே. கடிகாரம் ஆறு அடிக்கவும் வாயில் மணி ஒலிக்கவும் சரியாக இருந்தது. அம்மையார் கையில் தாம் சுட்ட ரொட்டியுருண்டைகள் இருந்தன. 'நாங்கள் என்ன கொண்டு வரட்டும்?' என முன்னரே கேட்டிருந்தார். விருந்தாளி கையில் பண்டம் வாங்குவது நமக்கு இழுக்குப் போலத் தோன்றும். அங்கே அது விருந்தில் பங்கு கொள்ளும் முறை.

பாத்திரங்களை மேசையின் நடுவே வைத்தோம். ஒருவர் எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நீட்ட, அவர் எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நீட்ட, பாத்திரம் சுற்றி வந்தது. நம் கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து பலர் உண்ணும் வழக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே தட்டு நிலைத்திருக்கக் கைகள் கூடுகின்றன. இங்கே கைகள் நிலைத்திருக்கப் பாத்திரம் சுற்றுகிறது. இருமுறையிலும் அடுத்திருப்பவனுக்கு எஞ்சவேண்டும் என்னும் நினைவோடுதான் எடுக்கவேண்டியிருக்கிறது.

எங்களுக்கு மிகக் கடினமாயிருந்தது வற்புறுத்தாதிருத்தலே. 'போதும்' என்பதை நாம் முதல் மறுப்பாகவே கொள்வோம். இன்னும் ஓர் அகப்பை இட்ட பின்னரே மனம் அமையும். அங்கே 'போதும்' என்றால் போதும். மேலும் இடுவது அவர் சொல்லை மதியாமையாகும். வயிற்றுப் புண்ணுள்ள அப்பெரியவர் முதன்முறை மறுத்தபோது அகப்பையைக் கீழே வைத்தோம். சற்று நேரம் கழித்து அவரே கை நீட்டி இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டார். "என் தாய் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் ஆக்கிய உணவு இது" என்றார். விழா நாள் உணவையன்றி அன்றாட உணவைக் குறிப்பிட்ட அச்சொல் எங்களுக்குப் பெரும்பேறாய்ப் பட்டது. விழா உணவை எவரும் எவர்க்கும் வைக்கலாம். ஒருவருடைய செவ்வாய்க்கிழமைச் சோற்றை அவர்க்கு ஆக்கி வைப்பதற்கு, அவரது வீட்டை அறிந்திருக்கவேண்டும்.

ஒன்பது மணிக்குமுன் விடைபெற்றனர். நான்கு நாள் கழித்து அஞ்சலில் நன்றி மடல் வந்தது. அடுத்தடுத்த வீட்டார்க்கிடையே அஞ்சல் எதற்கு என நகைத்தோம். ஆயினும் அம்மடல் இன்றும் எங்களிடம் உள்ளது.

துயர் வீட்டின் வாயில்

1998 பிப்ரவரியில் அப்பெரியவர் காலமானார். முழங்கால் அளவு பனி கிடந்த நாள்கள் அவை. நம் ஊர்களில் இறப்பு நேர்ந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரிவதில்லை. உற்றாரும் அண்டை வீட்டாருமே சோறு கொணர்வர். அயோவாவிலும் அவ்வாறே செய்வதைக் கண்டோம். அங்கே அதற்கென அமைந்த பண்டம் காசரோல். கண்ணாடித் தட்டொன்றில் அனைத்தையும் கலந்து ஓவனில் வேகவைத்து, அப்படியே தூக்கிச் சென்று கொடுத்துவிடலாம். துயருற்றோர் பசிக்கும்போது சூடாக்கி உண்ணலாம்; எவரும் உடனிருந்து பரிமாற வேண்டுவதில்லை.

காசரோல் பெருவழக்கானதற்கு அந்நாட்டுப் பொருளியல் நெருக்கடியும் ஒரு காரணம். 1930களில் வறுமை சூழ்ந்தபோது, மலிவான பொருள்களைக் கொண்டு பலர் வயிறு நிரப்பும் உணவு வேண்டப்பட்டது. 1934இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் காளான் சூப் டின்னில் வந்தது. இல்லத்தரசியர் அதனைச் சூப்பாகக் குடித்ததோடன்றிக் குழம்பாகவும் பயன்படுத்தினர். அந்நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பணியாற்றிய டார்கஸ் ரெய்லி என்பார் 1955இல் அமைத்த பீன்ஸ் காசரோல், இன்றும் நவம்பர் மாத நன்றியறிதல் திருநாளில் அங்குப் பல வீட்டு மேசைகளில் இடம் பெறுகிறது. 2018இல் அவர் மறைந்தார்.

டி மொயினுக்குச் சென்று இறைச்சி வாங்கவியலாதபடி அன்று சாலை பனியால் மூடியிருந்தது. எனவே எங்கள் கை மீனையே நாடிற்று. நம் கடற்கரையில் சூரை என வழங்கும் மீன்தான் அங்கே 'டூனா' என டின்னில் அடைபட்டுக் கிடைக்கிறது. நாம் மாசிக் கருவாடாக்கும் அதே இனம். மீனுக்கு அறுப்பு விதியும் இல்லை. வேகவைத்த நூடுல்ஸ் 12 அவுன்சு, சூரை மீன் மூன்று டின், காளான் சூப் இரண்டு டின், பால் ஒரு கோப்பை, பச்சைப் பட்டாணி இரண்டு கோப்பை. அனைத்தையும் கலந்து, மேலே நொறுக்கிய உருளைக்கிழங்கு வறுவலைத் தூவி, 350 பாகையில் அரைமணி நேரம். அடுத்த வீட்டு அம்மையாரின் சமையலறையில் முன்னொரு நாள் கண்டு கற்ற முறை அது.

தட்டினை ஏந்திச் சென்று அவ்வாயிலில் நின்றபோது என்ன சொல்வது என எங்களுக்குத் தெரியவில்லை. பிறமொழியில் இரங்கல் கூறுதல் எளிதன்று. கற்ற சொற்களெல்லாம் ஏட்டுச் சொற்களாய் நின்றன. அம்மையார் தட்டின் மூடியைத் திறந்து பார்த்தார், எங்களையும் பார்த்தார். "இதை உண்ண எனக்கு முடியும்" என்று மட்டும் கூறினார். அன்று காலை முதல் அவர் எதையும் உண்ணவில்லை என உடனிருந்த மகன் சொன்னார். எங்கள் கண் முன்னரே ஒரு தட்டில் சிறிது இட்டு, நின்றபடியே உண்டார்.

நாங்கள் பிரியாணி கொண்டு சென்றிருப்பினும் அவர் நன்றியோடு பெற்றுக்கொண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆயின் தொண்டை அடைத்து நிற்கும் வேளையில் ஒருவர் விழுங்கக்கூடியது, அவர் நாக்கு அறியாப் பருவத்திலிருந்தே அறிந்த சோறுதான். புதியவர்களாகிய எங்கள் கையால் அதனை அளிக்க முடிந்தது. இரண்டாண்டு நாங்கள் அளந்தும் வழித்தும் கற்ற கல்விக்கு இதனினும் பெரிய பயன் வேறில்லை.

மார்ச் இறுதியில், பனி உருகிய பின், எங்கள் தட்டினை அம்மையார் திரும்பக் கொணர்ந்தார். அது வெறுந்தட்டாய் வரவில்லை. ஆப்பிள் துண்டங்கள் இட்டுச் சுட்ட அப்பம் அதில் இருந்தது. மேலோட்டை வெண்ணெயிலேயே பிசைந்ததாகச் சொன்னார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பித் தரலாகாது என நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதே வழக்கம் அயோவாவின் உழவர் வீட்டிலும் இருந்தது. அவ்வாண்டு கோடையில் நாங்கள் ஊர் திரும்பினோம்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இன்று நம் கல்லூரிகளிலிருந்து மேற்படிப்புக்கும் பணிக்கும் கடல் கடந்து செல்வோர் பலர். அவர்களுக்கு எங்கள் பட்டறிவிலிருந்து சில கூற விழைகிறோம். ஆணாயினும் பெண்ணாயினும், செல்லுமுன் சமையல் கற்றுக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் மகனை அடுப்பருகே விடாத தாய்மார் இன்றும் உள்ளனர். பெரியவர்கள் இதனை மாற்றிக்கொள்ளுதல் நலம். எங்கள் இல்லத்தில் இறைச்சிப் பாளம் ஒருவர் கையாலும் மசித்த கிழங்கு மற்றவர் கையாலும் உருவானவை.

நீங்கள் உண்ணாதவற்றைத் தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் விதிகளை எடுத்துரைத்தபோது எவரும் முகம் சுளிக்கக் கண்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஆக்கியவர்களையே கண்டோம். அதே போல, உங்கள் வீட்டுக்கு வருபவர் எவற்றை உண்ணமாட்டார் என்பதையும் முன்னரே கேட்டறியுங்கள். தம் நெறியில் உறுதியாய் நிற்பதும் பிறர் உணவைக் கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பெட்டியின் சிற்றெழுத்தைப் படித்துப் படித்தே அவர்கள் உணவின் உள்ளமைப்பை நாங்கள் அறிந்தோம்.

நம் பிரியாணியையும் இடியாப்பத்தையும் அவர்களுக்கு அளியுங்கள், அவர்கள் மகிழ்வார்கள். அத்தோடு அவர்கள் வீட்டு எளிய சோறு ஒன்றையேனும் ஆக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது எப்போது தேவைப்படும் என்பதை முன்கூட்டி எவரும் அறியமுடியாது. தேவைப்படும் நாளில் நூலைத் தேடவும் கடைக்கு ஓடவும் பொழுது இராது.